மோட்டார் சைக்கிளின் சங்கிலி

நம் மன்றத்து நண்பர்களுள் சிலர் செம்பூரிலிருந்தும் தாராவியிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வகுப்புக்கு வருகின்றனர். பெட்ரோல் விலை என்ன, ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பன அவர்களுக்கு மனப்பாடம். ஆனால், எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு சேர்க்கும் சங்கிலியைப் பற்றிக் கேட்டால், “மெக்கானிக் பார்த்துக்கொள்வார்” என்பதே விடை. அச்சங்கிலியைப் பற்றிச் சில செய்திகளை இங்குக் கூற விழைகிறேன்.

இன்று நாம் காணும் உருளைச் சங்கிலியை 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் அமைத்தார். நம் தமிழகத்துக்கும் இத்தொழிலில் பங்கு உண்டு. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. 1960-இல் தொடங்கிய டி.ஐ. டைமண்டு செயின் நிறுவனம் அம்பத்தூரில் சங்கிலிகளைச் செய்தது.

சங்கிலி ‘நீண்டுவிட்டது’ என்கிறோம். உண்மையில் எஃகுத் தகடுகள் இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு முளை, அதைச் சூழ்ந்த குழாய் போன்ற ஒரு புஷ், அதன்மேல் சுழலும் ஓர் உருளை ஆகியவை உள்ளன. முளையும் புஷ்ஷும் உராய்ந்து தேய்கின்றன. ஒரு மூட்டில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் 118 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் அது ஏறத்தாழ 12 மில்லிமீட்டராகச் சேர்ந்துவிடும். அப்போது சங்கிலி பற்களின் அடியில் அமராமல் நுனிக்கு ஏறும், ஒருநாள் நழுவும். நழுவிய சங்கிலி பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும் வேளையில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மும்பையில் இத்தேய்வு விரைந்து நிகழ்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் தேங்கும் நீரைக் கடந்து வரும் வண்டியின் சங்கிலியில் எண்ணெய் கழுவப்பட்டு, சேறு ஒட்டிக்கொள்கிறது. சேற்றிலுள்ள மணல், உப்புத்தாளைப்போல் உலோகத்தை அராவுகிறது. கடற்காற்றும் துருவைக் கூட்டுகிறது.

இனி, பேணும் முறையைக் காண்போம். முதல் விதி இது: எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கியரை நியூட்ரலில் வைத்த பிறகே சங்கிலியைத் தொடவேண்டும். எங்கள் தெருப் பட்டறை ஒன்றில், ஓடும் சங்கிலியைத் துணியால் துடைத்த சிறுவன் ஒருவன் சுட்டுவிரலின் நுனியை இழந்தான். துணி இழுபட, விரலும் உடன் சென்றது. சிறிய வண்டியொன்றில் எஞ்சின் மெல்ல ஓடும்போது, முதல் கியரில்கூடச் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ ஓரடி நகரும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க நமக்கு ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். அதற்குள் சங்கிலி இரண்டு அங்குலத்துக்கு மேல் ஓடிவிடும். விரலின் நீளம் எவ்வளவு? ஆகவே சக்கரத்தைக் கையால்தான் சுழற்றவேண்டும்; அப்போதும் பற்சக்கரத்தின் அருகே விரல் செல்லலாகாது.

மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் கொண்டு அழுக்கை நீக்குக. பெட்ரோல் கூடாது, அது தீப்பற்றும். பல சங்கிலிகளில் கிரீஸைக் காக்கும் சிறு ரப்பர் வளையங்களையும் அது கெடுக்கும். கம்பிப் பிரஷும் அவ்வாறே. நன்கு உலர்ந்த பின், 90-ஆம் எண் கியர் எண்ணெயைத் தகடுகளின் இடைவெளியில் சொட்டுச் சொட்டாக விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுக. டயரில் எண்ணெய் படலாகாது. வடித்தெடுத்த பழைய எஞ்சின் எண்ணெயில் உலோகத் துகள்கள் இருப்பதால் அதைத் தவிர்க்க. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், மழையில் நனைந்த ஒவ்வொரு முறையும் இதனைச் செய்வது நலம்.

அடுத்து, தொய்வு. சங்கிலியின் கீழ்ப்பகுதியை நடுவில் மேலும் கீழும் அசைத்தால், பல வண்டிகளில் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசையவேண்டும்; உங்கள் வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்கவேண்டும். இறுக்கமே நல்லது என்பது தவறான எண்ணம். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது சங்கிலி மேலும் இறுகி, கியர்பெட்டியின் பேரிங்கைக் கெடுக்கும். சரிசெய்கையில் இருபக்கக் குறிகளும் ஒத்திருக்கவேண்டும். பின்னர் அச்சு நட்டை முறையாக இறுக்கி, பிரேக்கையும் சோதித்துக்கொள்க.

மாற்றவேண்டிய காலம் எது? 428 வகைச் சங்கிலியில் 20 கண்ணிகள் புதிதில் 254 மில்லிமீட்டர் இருக்கும். சங்கிலியை இழுத்துப் பிடித்து அளந்து, கையேட்டின் வரம்பைத் தாண்டியிருப்பின் மாற்றிவிடுக. பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தாலும், கண்ணிகள் மடங்காமல் விறைத்திருந்தாலும் அவ்வாறே. சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒருசேர மாற்றவேண்டும்; தேய்ந்த பற்கள் புதுச் சங்கிலியை விரைவில் தின்றுவிடும். ‘செயின் லாக்’ கிளிப்பின் மூடிய முனை, சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்கவேண்டும். மாற்றிப் போட்டால், எதிலேனும் உராய்ந்து கழன்றுவிடும். அடித்துப் பொருத்தும் இணைப்பாயின், உரிய கருவியுள்ள பட்டறையிடம் விடுவதே அறிவுடைமை.

இறுதியாக ஒன்று. அழகுக்காகச் சிலர் சங்கிலி மூடியையும் சேலைக் காப்பையும் கழற்றிவிடுகின்றனர். பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு காப்பு இருத்தல் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. நம் பின்னே அமர்பவர் தாயாகவோ தங்கையாகவோ இருக்கலாம். அவர்தம் சேலைத் தலைப்புக்கும் துப்பட்டாவுக்கும் அக்காப்பே அரண்.

சங்கிலி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி அறுவதில்லை. ஓசையாலும், தொய்வாலும், துருவாலும் பலமுறை சொல்லிவிட்டே அறுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால், அது சொல்வதை நாம் கேட்கலாம்.