மழையை விரட்ட சோப்பும் படிகாரமும்

உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய தொல்லை: சோப்பு நுரைக்காது, வாளி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படியும், எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. தண்ணீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டாகும் படிவு அது. தண்ணீர் ஒட்டாத துணி செய்யும் பழைய வழி ஒன்று, இதன் நெருங்கிய உறவு.

பருத்தித் துணியைச் சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, பிறகு படிகாரக் கரைசலில் முக்குவார்கள். படிகாரத்தின் அலுமினியம், சோப்பிலுள்ள சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி உருவாகும் அலுமினிய சோப்பு தண்ணீரில் கரையாது. நூலிழை மேல் மெல்லிய கொழுப்புப் படலமாகப் படியும். தண்ணீரை உறிஞ்சும் பருத்தி, அதன் பிறகு தண்ணீரைத் துளியாகவே உருட்டிவிடும். கொழுப்பிலிருந்து செய்த அசல் சோப்பு வேண்டும். சலவைப் பவுடர் உதவாது.

இன்றைய மழைச் சட்டைகள் பலவற்றுக்கு இத்தனை காலம் ஃப்ளோரின் பூச்சுதான் பூசிவந்தார்கள். கார்பன்–ஃப்ளோரின் பிணைப்பு லேசில் முறியாது என்பதால், உதிர்ந்த பூச்சு மண்ணிலும் ஆற்றிலும் நம் ரத்தத்திலும் தங்கிவிடுகிறது. அந்த ஃப்ளோரின் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ-வை, சிதையாமல் தங்கும் நச்சுப் பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019-இல் ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸ், சில விலக்குகளோடு, 2026 ஜனவரி முதல் உடைகளில் இக்குடும்பத்தையே தடை செய்திருக்கிறது. அதனால்தான் முன்பு துணிக்குப் பூசிய மெழுகின் பக்கம் மறுபடி பார்வை திரும்பியிருக்கிறது.

தேன்மெழுகு சுமார் 63 டிகிரியிலேயே உருகிவிடும். நம் வெயிலில் நிற்கும் வண்டியின் சீட்டில் கிடந்தால் பிசுபிசுக்கும். பிரேசில் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு 80 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். இரண்டையும் கலந்தால் படலம் கெட்டிப்படும்.

மெழுகு மட்டும் போதுமா என்றால், தாமரை இலையைப் பார்க்க வேண்டும். வழுவழுப்பான மெழுகுப் பரப்பில் நீர்த்துளி ஏறக்குறைய 110 டிகிரி கோணத்தில்தான் நிற்கும். கோணம் கூடக் கூடத் துளி உருண்டையாகும்; தாமரை இலையில் அது 150-ஐத் தாண்டுகிறது. மெழுகுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் நெருங்கி நிற்பதுதான் காரணம் என்று ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட்டும் சக ஆய்வாளர் நைன்ஹுயிஸும் 1997-இல் விளக்கினார்கள்.

ஆக, துணியின் பரப்பும் நெசவும்கூட மழையைத் தடுக்கும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் அணிந்த வென்டைல் என்ற துணி, நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்து செய்தது. நனைந்ததும் நூல் உப்பி, இடைவெளி தானே அடைபடும்.

ஃப்ளோரினை விட்டால் இழப்பு ஒன்று உண்டு. ஃப்ளோரின் பூச்சு எண்ணெயையும் அண்டவிடாது. மெழுகுக்கும் சோப்புக்கும் அந்தத் திறமை இல்லை. தீயணைப்பு வீரரின் உடைக்கு அது தேவைப்படலாம். பஸ் நிறுத்தம் வரை நடப்பவருக்கு எதற்கு? சாம்பார் சிந்தினால் துவைக்க வேண்டியதுதான். துவைத்தால் படலமும் தேயும். மறுபடி சோப்பு, மறுபடி படிகாரம்.