ஊசிவழிப் போதையும் இதய வால்வும்

வலி நிவாரண மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் திருச்சி உட்படத் தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்தும் வருகின்றன. இந்நிலையில், பத்தாம் வகுப்பு இரத்தச் சுற்றோட்டப் பாடத்தில் மூவிதழ் வால்வு வரும்போது ஆசிரியர்கள் சற்று நின்று விளக்குவது நல்லது.

கையின் சிரையில் ஏற்றப்படும் எதுவும் மேற்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிளை அடைகிறது. அங்கிருந்து வலது வெண்ட்ரிக்கிளுக்குச் செல்லும் வாசலே மூவிதழ் வால்வு. சுத்தமற்ற ஊசி, தண்ணீர், தோல் ஆகியவற்றிலிருந்து கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலும் தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவே காரணம். மேலும், விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையில் டால்க் போன்ற கரையாத தூள்களும் உண்டு. அவை வால்வின் இதழ்களைச் சேதப்படுத்தலாம். கிருமிகள் அங்கே ஒட்டிக்கொள்ள, இரத்தத் தட்டுகளும் ஃபைப்ரின் இழைகளும் சேர்ந்து ஒரு திரள் வளர்கிறது. இதுவே எண்டோகார்டைடிஸ் எனப்படும் இதய உள்ளுறை அழற்சி.

அடுத்து நடப்பதை எங்கள் பகுதி மாணவர்களுக்கு முக்கொம்பைக் கொண்டு விளக்கலாம். அங்கே காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதுபோல், வலது வெண்ட்ரிக்கிளிலிருந்து புறப்படும் நுரையீரல் தமனி இரண்டாகப் பிரிந்து, பின் வாய்க்கால்களாகக் குறுகுகிறது. மதகில் சிக்கிய ஆகாயத்தாமரை பிய்ந்து போய்ச் சிறு வாய்க்காலை அடைப்பதுபோல், வால்விலிருந்து உடையும் கிருமித் துணுக்குகள் நுரையீரலின் நுண்குழல்களை அடைக்கின்றன. அடைத்த இடங்களில் சீழ்க்கட்டிகள் உருவாகின்றன. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் மதகுகள் உடைந்தபோது நீரைத் தேக்க முடியாமல் போனது. இதழ் அரிக்கப்பட்ட வால்வும் அப்படித்தான்: இரத்தம் பின்னோக்கிக் கசியும்.

நடுக்கத்துடன் காய்ச்சல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமல், சளியில் இரத்தம், மூச்சுத்திணறல் ஆகியவை அறிகுறிகள். இவை காசநோயையோ நிமோனியாவையோ போலத் தோன்றும். எக்ஸ்ரே படமும் குழப்பலாம். ஊசி போட்டுக்கொண்டதை மாணவன் மறைத்தால் மருத்துவர் வேறு திசையில் தேடுவார், நாள்கள் வீணாகும். இரத்தக் கல்ச்சர், எக்கோ பரிசோதனைகள் மூலம் நோயை உறுதிசெய்து, பொதுவாக 4 முதல் 6 வாரம் வரை சிரைவழி ஆன்டிபயாட்டிக் தருவார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சையும் தேவைப்படும். குணமானவர் மீண்டும் ஊசியைத் தொட்டால் நோயும் மீண்டும் வரலாம். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும் பரவும்.

எனவே, அந்த உண்மையை அச்சமின்றிச் சொல்ல ஒருவராவது பள்ளியில் இருக்க வேண்டும். முழங்கை மடிப்பில் தழும்புகள், வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தொடர் விடுப்பு, விடாத காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் வகுப்பின் நடுவே விசாரிக்காதீர்கள். பையைக் கொட்டிச் சோதிக்காதீர்கள். இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். தனியே அழைத்துப் பேசுங்கள். காய்ச்சல் இருந்தால் பெற்றோருடன் அன்றே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஊசி பற்றி மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

பள்ளியின் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றத்தில் உறுதிமொழி எடுக்கும் நாளன்று, கரும்பலகையில் இதயத்தின் படத்தையும் வரையுங்கள். கையிலிருந்து நுரையீரல் வரையிலான பாதையை மாணவர்களே அம்புக்குறியிட்டுக் காட்டட்டும்.