புதுத் தகரம் அடிச்சா போதுமா?

என் வீட்டுக்காரர் மினி லாரியில் கூண்டு கட்டி டிபன் கடை நடத்துகிறார். எங்கள் பிழைப்பே அந்த வண்டிதான். 2011-ல் தானே புயலைப் பார்த்த எங்க பக்கத்துக்கு மழை புதுசில்லை. போன ஐப்பசி மழையில் கூண்டின் பக்கத் தகரம் உப்பிவிட்டது. பட்டறையில், "மேலேயே புதுத் தகரம் அடிச்சுடலாம்"னு சொன்னாங்க.

எங்க ஊர் ஆசாரியோ, சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் 'சொத்'தென்று சத்தம். தகரத்தைக் கழற்றினால், மரச்சட்டமும் அடிப்பலகையும் புட்டு மாதிரி உதிர்ந்தன. அந்தப் பலகை மேல்தான் 19 கிலோ காஸ் சிலிண்டர் நிற்கும்! நினைத்தாலே குலை நடுங்குகிறது.

கூரை மூட்டில் கசிந்த தண்ணீர், தகரத்துக்குப் பின்னால் இறங்கி, வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கியிருக்கிறது. ஆசாரி, அழுகியதை வெட்டியெடுத்து, நன்றாகக் காய்ந்த சட்டம் போட்டு போல்ட் முடுக்கினார். மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மீது ஏறி நிற்கும்படி, ஓடு வேய்வதுபோல் அடித்தார். கூரை மூட்டில் சிலிக்கான் பசை பூசி, அடியில் தண்ணீர் வடிய துளையும் போட்டார்.

செலவு கூடுதல்தான். ஆனால், இப்போது பயமில்லாமல் அடுப்புப் பற்ற வைக்கிறோம். கூண்டு வண்டியில் தொழில் செய்யும் சகோதரிகளே, மழைக்கு முன்னாலேயே ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்களேன்!

- ஒரு வாசகி, குள்ளஞ்சாவடி.