நினைவக அட்டையைத் தேர்தலும் பேணலும்

நம் கல்லூரி மண்டபச் சுவரிலே தொங்கும் குழுப்படங்களை நின்று நோக்காது செல்லும் பழைய மாணவர் அரியர். தாள் மங்கினும், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியர் இன்னார், பின்வரிசையில் நிற்கும் சிறுவன் இன்னான் என்று இன்றும் சுட்டிக் கூற முடிகின்றது. அந்நாளில் ‘நெகற்றிவ்’ என்னும் மூலப்படம் படப்பிடிப்பாளரிடம் இருந்தது; தாளிற் பதித்த படிகளோ பல இல்லங்களுக்குச் சென்றன. இந்நாளில் ஒரு விழா முழுவதும் அஞ்சல் முத்திரையளவான ஓர் அட்டையுள் அடங்கிவிடுகின்றது. கமராவினுள் இடப்படும் அந்நினைவக அட்டையைத் தேருமாறும் பேணுமாறும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நாம் இதனை இழப்பினாற் கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், எமக்கு இலக்கணம் கற்பித்த முதிய ஆசிரியர் ஒருவரின் பாராட்டு விழாவிற் கமராவுடன் நின்றோம். இறுதிப் படங்கள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கையில், சிவப்பு விளக்கு அணையுமுன்னரே அட்டையை வெளியே இழுத்தோம். கணினியில் இட்டபோது, அட்டையைப் ‘போமற்’ செய்க என்ற அறிவித்தல் தோன்றியது. அதன் பொருள் அறியாது அவ்வாறே செய்தோம். மறுநாள் விளையாட்டுப் போட்டியின் படங்களையும் அதே அட்டையில் எடுத்தோம். மூன்று திங்களில் ஆசிரியர் காலமானார். அவர்தம் மக்கள் அப்படங்களைக் கேட்டபோது நாம் தலைகுனிந்தோம். போமற் செய்த பின்னரும் அவை மீட்கத்தக்க நிலையில் இருந்திருக்கக் கூடும் என்பதும், மறுநாட் படங்களே அவற்றின்மேற் பதிந்து அழித்தன என்பதும் பின்னரே எமக்குத் தெரிந்தன.

இஃது எவ்வாறு நிகழும்? அட்டையினுள்ளே சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. குறைகடத்தியாலான நுண்ணறைகள் கோடிக்கணக்கில் உள்ளன. காவலியாற் சூழப்பட்ட அவ்வறைகளில் இலத்திரன்களைச் சிறைப்படுத்துவதே எழுதுதல், வெளியேற்றுவதே அழித்தல். மின் இல்லாதபோதும் அவை அங்கேயே தங்கும். ‘பிளாஷ்’ எனப்படும் இந்நினைவகத்தை, ஜப்பானியத் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கினார். இன்று பெருவழக்காயுள்ள எஸ்.டி. அட்டையைத் தோஷிபா, சன்டிஸ்க், இன்று பனசோனிக் எனப்படும் மட்சுஷிட்டா ஆகிய மூன்று நிறுவனங்களும் 1999இல் அறிமுகஞ் செய்தன.

எப்படம் எவ்வறைகளில் உள்ளது என்று கூறும் அட்டவணை ஒன்றும், நூலின் பொருளடக்கம் போல, அட்டையில் உண்டு. ஒரு படத்தை அழிக்கும்போதும், விரைவாகப் போமற் செய்யும்போதும் பெரும்பாலும் அவ்வட்டவணைக் குறிப்பே நீங்குகின்றது. படம் உடனே அழிவதில்லை. ஆதலின், தவறுதலாக அழித்தவர் அக்கணமே படமெடுப்பதை நிறுத்தி, அட்டையைத் தனியே எடுத்து வைத்து, மீட்பு மென்பொருளை நாடுக.

அட்டையைத் தேர்கையிற் கொள்ளளவு, வேகம், மெய்ம்மை என்னும் மூன்றும் நோக்கற்பாலன. 2 கிகாபைற்று வரையுள்ளது எஸ்.டி.; அதற்கு மேல் 32 வரையுள்ளது எஸ்.டி.எச்.சி.; அதற்கும் மேல் 2 ரெராபைற்று வரையுள்ளது எஸ்.டி.எக்ஸ்.சி. பழைய கமரா புதிய வகையை ஏலாதிருக்கலாம். கைந்நூலைப் பார்த்தே வாங்குக. படமொன்று 10 மெகாபைற்று எனின், 32 கிகாபைற்று அட்டை ஏறத்தாழ 3,000 படங்களைக் கொள்ளும். பேரட்டை ஒன்றினும் சிற்றட்டைகள் இரண்டு நன்று. ஒன்று கெடினும் மற்றது எஞ்சும்.

அட்டையிற் பெரிதாக அச்சிடப்பட்ட வேகம் பெரும்பாலும் வாசிக்கும் வேகத்தின் உச்சமேயாம். எழுதும் வேகத்துக்கு உறுதி கூறுவன சிறு குறிகளே. ‘சி’ என்னும் ஆங்கில எழுத்தினுள் 10 என்றிருப்பின் செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைற்றும், ‘வி30’ என்றிருப்பின் 30 மெகாபைற்றும் எழுதப்படும். சாதாரண நிழற்படங்களுக்கு முன்னையதும், 4கே நகர்படத்துக்குப் பின்னையதும் பெரும்பாலும் போதும்.

போலி அட்டைகளும் சந்தையில் உள்ளன. மேலே 128 என்று பொறித்து, உள்ளே மிகச் சிறிய கொள்ளளவை வைத்திருப்பர். அத்தகைய அட்டை கணினிக்கும் 128 என்றே பொய் கூறும். உண்மையிடம் நிரம்பிய பின்னர் வரும் படங்கள் பாழாகும். நம்பத்தக்க கடையில் வாங்கி, முழுவதும் எழுதி மீள வாசித்துச் சோதிக்கும் மென்பொருளால் ஆராய்ந்த பின்னரே விழாவுக்குக் கொண்டுசெல்க.

இனிப் பேணும் முறை: விளக்கு அணையுமுன் அட்டையை அகற்றற்க. பற்றரி தீருந் தறுவாயிற் படமெடுக்கற்க. படங்களை வேறிடத்திற் சேர்த்த பின்னர், எடுக்கும் கமராவிலேயே போமற் செய்க. பொன்னிறத் தொடுபகுதிகளை விரலாற் தீண்டற்க. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியுள் வைக்கற்க. வெப்பம் இலத்திரன்களின் கசிவை விரைவுபடுத்தும்.

இத்துணை பேணினும், அட்டை கூடையேயன்றிக் களஞ்சியம் அன்று. எழுதியழிக்க அறைகள் தேயும். மின்னின்றிப் பல்லாண்டு கிடப்பின் இலத்திரன்கள் கசியும். நம் முன்னோர் ஓர் ஏட்டின் ஆயுளை நம்பி நூல்களைக் காத்தாரல்லர். செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் படியெடுத்துக் காத்தனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, பிறிதிடத்திற் படியுள்ள நூல்களை மீண்டும் தேடிப் பெறலாயிற்று. வேறு படியற்ற சுவடிகள் என்றென்றைக்கும் மறைந்தன. ஆதலின் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, வேறூரில் வாழும் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ ஒன்று என மூன்று படிகள் வேண்டும். அதனை விழா நடந்த இரவே செய்தல் வேண்டும்.

இந்நிறைவு விழாவிற் படமெடுக்கும் பழைய மாணவர்களும் மாணவர்களும், படத்திலுள்ளார் பெயர்களையும் குறித்து, ஒரு படியைக் கல்லூரி நூலகத்துக்கு உதவுமாறு வேண்டுகின்றோம். எம் ஆசிரியரின் இறுதிநாள் முகத்தைக் காட்டுதற்கு எம்மிடம் ஒரு படமும் இல்லை. அக்குறை இனி வருவோருக்கு நேராதிருக்கவே இவ்வளவும் எழுதினோம்.