கோசாம்பியின் எழுத்துகளும் மேற்கோள் எண்ணிக்கையும்

ஓர் அறிஞரின் நூல்களையும் கட்டுரைகளையும் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என எண்ணி, அவ்வெண்ணால் அவர்தம் புலமையை அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. ஒரு துறையிலேயே நின்றவர்க்கு இவ்வளவை ஒருவாறு பொருந்துதல் கூடும். பல துறைகளிற் புகுந்தவர்க்கு அஃது எவ்வாறு அமையும் என்பதனைத் தாமோதர் தருமானந்த கோசாம்பி (1907-1966) அவர்களின் எழுத்துகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

அளவுகோலின் வரலாறு நெடியதன்று. யூஜின் கார்ஃபீல்டு என்பார் 1964-இல் அறிவியல் மேற்கோளடைவை வெளியிட்டார். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எங்கெங்கு எடுத்தாண்டனர் எனத் தேடுவார்க்கு உதவுவதே அதன் முதல் நோக்கம். 2005-இல் ஹிர்ஷ் எனும் இயற்பியலார் 'எச் எண்' என ஒன்றை வகுத்தார். ஒருவர் எழுதியவற்றுள் பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் பத்து முறையேனும் எடுத்தாளப்பட்டு, பதினொன்று என்னும் நிலையை அவ்வாறு எய்தாதிருப்பின், அவர் எண் பத்து. துறைக்குத் துறை இவ்வெண் வேறுபடும் என்பதனை ஹிர்ஷே கூறியுள்ளார். பயன்படுத்துவோர்தாம் அதனை எளிதில் மறக்கின்றனர்.

கோசாம்பி தொழிலாற் கணிதப் பேராசிரியர். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962 வரை பணியாற்றினார். 1944-இல் அவர் வெளியிட்ட மரபியற் கட்டுரை நான்கே பக்கங்களில் அடங்குவது. ஒரே குரோமோசோமில் அமைந்த இரு மரபணுக்களின் இடைத்தொலைவை நேரே அளத்தல் இயலாது. வழித்தோன்றல்களில் அவை பிரிந்து மறுசேர்க்கையுறும் வீதத்தைக் கொண்டே கணித்தல் வேண்டும். ஆயின் இடையே இருமுறை குறுக்கேற்றம் நிகழின், ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும். எனவே காணும் வீதம் உண்மைத் தொலைவினும் குறைந்தே நிற்கும். ஹால்டேன் 1919-இல் அமைத்த வாய்பாடு, குறுக்கேற்றங்கள் ஒன்றையொன்று தாக்கா எனக் கொண்டது. கோசாம்பியோ, ஓரிடத்து நிகழ்ந்த குறுக்கேற்றம் அதன் அண்மையில் மற்றொன்று நிகழ்வதைத் தடுக்கும் என்பதனையும் கணக்கிற் கொண்டார். மறுசேர்க்கை வீதம் நூற்றுக்கு 20 எனின், ஹால்டேன் வழியில் தொலைவு 25.5 சென்டிமார்கன், கோசாம்பி வழியில் 21.2.

நெல் முதலிய பயிர்களுக்கு மரபணு வரைபடம் அமைப்போர் இன்றும் 'கோசாம்பி சார்பு' என எழுதுகின்றனர். பெயர் வழக்காகிவிட்டமையின், மூலக் கட்டுரையைச் சுட்டாமலே செல்வாரும் உளர். ஒரு கருத்து அனைவர்க்கும் பொதுவாகி, ஆக்கியோன் சுட்டப்படாது போதலை மெர்ட்டன் எனும் சமூகவியலார் விளக்கியுள்ளார். பெயர் நின்று மேற்கோள் மறைவது அதனினும் விந்தையே. அன்றியும், அக்கட்டுரை எத்துணை ஆயிரம் முறை எடுத்தாளப்படினும் எச் எண்ணில் அதற்குரிய இடம் ஒன்றுக்கு மேற்படாது.

1943-இல் அவர் எழுதிய கணிதக் கட்டுரையின் முடிபு, பின்னர்த் தனித்தனியே அதனை எய்திய கருனென், லோவ் என்பார் பெயராலேயே பெரிதும் வழங்கிற்று. கோசாம்பியின் பெயரையும் முன்வைத்துச் சுட்டும் வழக்கம் பிற்காலத்தது. இதற்கு மறுதலையாக, 1931-இல் 'பூர்பாக்கி' என்னும், உலகில் இல்லாத ஒருவரின் தேற்றத்தைச் சான்று காட்டி அவரே ஒரு கட்டுரை வெளியிட்டார். நண்பர் ஆந்திரே வெயில் தூண்டிய விளையாட்டு அது. எண்ணுவார்க்கு அதுவும் ஒரு மேற்கோளே!

முத்திரைக் காசுகள் பற்றிய ஆய்வில் அவர்தம் துறைகள் ஒன்றுகூடுகின்றன. கைம்மாறிப் புழங்கும் காசு தேயும். நெடுங்காலம் புழங்கியதன் எடை குறைவதோடு, காசுக்குக் காசு எடை வேறுபாடும் மிகும். தட்சசீலத்துப் புதையற் காசுகளை இவ்வாறு நிறுத்துப் புள்ளியியல் முறையால் அவற்றின் முன்பின் முறைமையைத் துணிந்தார். 1956-இல் வெளிவந்த இந்திய வரலாற்று நூலுக்கும் இவ்வாராய்ச்சி அடிப்படையாயிற்று. அந்நூலை எடுத்தாளும் வரலாற்றாரும் அவர் சார்பைப் பயன்படுத்தும் மரபியலாரும் ஒருவரையே சுட்டுகின்றோம் என அறிதல் அரிது. துறைவாரியாக எண்ணித் தொகுப்பின் கூட்டுத்தொகை கிட்டும். நிறைகோலும் கணிதமும் வரலாறும் ஒருவர் கையில் இணைந்தமை அத்தொகையிற் புலப்படாது.

தமிழ்த்துறையினர் சிறப்பாகக் கருத வேண்டுவது அவர்தம் பதிப்புப் பணி. பர்த்ருஹரியின் பெயரால் வழங்கும் வடமொழிச் செய்யுட்களைச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி 1948-இல் பதிப்பித்தார். அச்செய்யுளை எடுத்தாள்வோர் பர்த்ருஹரியையே சுட்டுவர். அடைவிலும் மேற்கோள் மூல ஆசிரியர்பாற் சேரும். நம் நிலையும் இதுவே. புறநானூற்றுப் பாடலை எண் காட்டி எழுதும் நாம், அதனை 1894-இல் அச்சிற் கொணர்ந்த உ. வே. சாமிநாதையரை அடிக்குறிப்பிற் குறிப்பது எத்துணை முறை? பாடம் ஐயுறவுக்கு இடனாகும்போது மட்டுமே பதிப்பாசிரியர் நினைவு நமக்கு எழுகின்றது. பணி விண்ணப்பங்களில் மேற்கோள் எண்ணைக் கேட்கும் குழுவினர், பதிப்பித்த நூல்களையும் அவற்றிற்கு ஒப்புநோக்கிய சுவடிகளையும் தனியே எழுதுமாறு கேட்டல் தகும். அவற்றை எண்ணித் தருவதற்கு அடைவு எதுவும் இல்லை, படித்தே அறிதல் வேண்டும்.