மூதாதையரைத் தேடுவோர்க்கு

1620-ஆம் ஆண்டில் 'மேஃபிளவர்' கப்பலேறி அமெரிக்கா சேர்ந்தோரின் நாமங்களை அவர்களுள் ஒருவராகிய வில்லியம் பிராட்போர்டு எழுதிவைத்துப் போனமையால், அன்னாரின் சந்ததியார் இன்றும் தம் வம்சாவளியை நிலைநாட்டி வருகின்றனர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் 'ரஜூலா' முதலிய கப்பல்களில் போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், வந்திறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்ற நம் முன்னோர் விஷயத்திலோ அந்தப் பாக்கியம் அத்தனை சுலபமாக வாய்ப்பதில்லை. தந்தையின் பெயரே தனயனுக்கு முதலெழுத்தாகித் தலைமுறைதோறும் மாறிவிடுகின்ற நம் வழக்கத்தில், குடும்பப் பெயரைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் செல்லுதல் இயலாத காரியம். தோட்டத்துக் கிராணி தம் செவியில் விழுந்தவாறு எழுதிவைத்த பெயர்களோ தனிப் புராணம்!

பிரிக்பீல்ட்ஸில் குடியேறி ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார் உள்ளிட்ட இலங்கையரின் 1867 முதல் 1967 வரையிலான சரித்திரத்தைத் துரைராஜசிங்கம் நூலாக்கித் தந்தார். தோட்டத்து மக்களின் சான்றுகளோ பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. ஆதலின் நேயர்களே, பழைய பாஸ்போர்ட்டிலும் பிறப்புப் பத்திரத்திலும் காணும் கிராமம், தாலுகா, தோட்டம் ஆகியவற்றின் பெயர்களை முதலில் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தை நாடுங்கள். வீட்டில் மூத்தோர் இருப்பின், குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறதென்று இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.