விரலுக்குத் திரும்புமா விமானம்?

வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில் இறங்கவரும் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எதிர்த்திசைக்குத் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும்?

2009-ல் வெளிவந்த 'ஃபிளைட் கண்ட்ரோல்' என்ற கைப்பேசி விளையாட்டில் இக்கேள்வியே எழுவதில்லை. விரலால் கோடு வரைந்தால் போதும். எப்படி வளைத்தாலும் விமானம் அக்கோட்டின்மீதே செல்லும். உயரம் என்பதும் கிடையாது. இரு விமானங்கள் மோதினால் ஆட்டம் முடிந்தது.

உண்மை வேறு. பயணிகள் விமானம் பொதுவாக விநாடிக்கு 3 பாகைக்கு மேல் திரும்பாது. ஆகவே 180 பாகை திரும்ப ஒரு நிமிடம் ஆகும். வேகம் மணிக்கு 330 கி.மீ. எனில், அந்நிமிடத்தில் அது கடக்கும் அரைவட்டம் 5.5 கி.மீ. இதை 3.14-ஆல் வகுத்தால் ஆரம் ஏறத்தாழ 1.75 கி.மீ.; குறுக்களவு 3.5 கி.மீ. அவ்வளவு வானம் வேண்டும்!

2001-ல் தொடங்கிய 'வாட்சிம்' என்னும் இணைய அமைப்பில் இக்கணக்குகள் அனைத்தும் உண்டு. ஒருவர் கட்டுப்பாட்டாளர், பிறர் தத்தம் கணிப்பொறியில் விமானிகள். கட்டுப்பாட்டாளர் உயரத்தைக் குறிப்பிட்டால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

இது வீண் சடங்கன்று. 1996 நவம்பர் 12 அன்று, டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி வானில் சவுதி விமானத்துக்கு 14,000 அடியும், கசாக் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. கசாக் விமானம் தன் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. டில்லி ராடார் திரையில் அன்று விமானத்தின் இடம் தெரிந்தது, உயரம் தெரியவில்லை. விமானி சொன்னதையே நம்ப வேண்டியிருந்தது. இரு விமானங்களிலும் இருந்த 349 பேரும் மாண்டனர்.

எளிய விளையாட்டு விரைந்து முடிவெடுக்கப் பழக்கும். திரையில் இல்லாத உயரத்தையும் எண்ணிப் பார்க்கப் பழக்குவது மற்றதே.

மாணவர்களே, திரும்பும் வீதம் மாறாமல் வேகம் இருமடங்கானால் ஆரம் என்னாகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.